கல்லாறு முதல் ஹில்குரோவ் வரை: நாற்பதாம் ஆண்டுக்கு நாங்கள் போட்ட பாதை

எங்கள் வீட்டுப் பின்னறையில் இந்த வாரம் நீலகிரி மலை ரயில் கல்லாறு நிலையத்திலிருந்து ஹில்குரோவ் நிலையம் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிட்டது. எஞ்சின் கீழிருந்து தள்ள, மூன்று பெட்டிகளும் முன்னால் ஏறிப் போயின. திருமணமாகி நாற்பது ஆண்டு நிறைவதை எப்படிக் கொண்டாடலாம் என்று யோசித்தபோது நானும் என் கணவரும் சேர்ந்து எடுத்த வேலை, இந்த மாடல் ரயில். மலைப்பாதை மாடல் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்ததைச் செய்தபடியே எழுதுகிறேன்.

என் கணவர் கோவையில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் அச்சு செய்கிற வேலை. நான் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமான புதிதில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போனோம். அப்போது எஞ்சினுக்கு நிலக்கரிதான் போடுவார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல் பட்டையை எஞ்சினின் பல்சக்கரம் எப்படிப் பிடித்து ஏறுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சரிவு எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு உயரம் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பேச்சு வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அட்டையில் செய்தோம், பிறகு மரத்தில் செய்தோம். ஓடுகிற மாடலாகச் செய்வது இதுதான் முதல் முறை.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளைகள் திருக்கடையூரில் நன்றாகவே நடத்தி வைத்தார்கள். அதனால் நாற்பதாம் ஆண்டுக்கு மண்டபமும் சாப்பாடும் வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தண்டவாளம் வாங்கி அனுப்பு என்று ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் சொல்லிவிட்டோம். ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். அவற்றின் மாடல்களும் அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கின்றன. நம்முடைய பாதையும் மீட்டர் கேஜ்தான். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதையில் போட்ட ஆப்ட் முறைப் பல் தண்டவாளமே ஸ்விஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கியது. இந்தப் பாதையில் ஓடும் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தவை. ஆகவே ஸ்விஸ் மாடலின் அடிப்பாகத்தில் நீலகிரி எஞ்சினை உட்கார வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு 1:87. ஒரு மீட்டர் அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் 12 மி.மீ. தண்டவாளமாகக் கிடைக்கிறது. இதுவரை சுலபம். கல்லாறிலிருந்து ஹில்குரோவ் சுமார் பத்து கிலோமீட்டர். அதை அப்படியே சுருக்கினால் 115 மீட்டர், எங்கள் தெரு முழுக்கப் போய்விடும். ஏற்றத்தைச் சுருக்கினாலோ எட்டு மீட்டர், மொட்டை மாடிக்கும் மேலே. எங்களிடம் இருந்தது பன்னிரண்டு அடிச் சுவர். அதனால் நடுவில் வரும் அடர்லி நிலையத்தை விட்டுவிட்டோம். தூரத்தைக் குறைத்தாலும் சரிவை மட்டும் குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று என்பதுதான் இந்தப் பாதையின் உயிர். 240 செ.மீ. ஓட்டத்தில் 20 செ.மீ. ஏற்றம் வைத்தோம். அடிப்பலகை 12 மி.மீ. ப்ளைவுட். அதன்மேல் 20 செ.மீ. இடைவெளியில் மரத்துண்டுகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட 16.7 மி.மீ. உயர்த்தினோம். தொடக்கத்திலும் முடிவிலும் சரிவு சட்டென்று மாறாமல் மெல்ல வளைய வேண்டும்; இல்லையென்றால் பெட்டிகளின் இணைப்பு கழன்றுவிடும்.

திருமண நாளன்று காலையில் மருதமலைக்குப் போய்விட்டு வந்ததும் அவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பித்தளைப் பட்டையில் அவரே கோடு கீறிச் செய்த அளவுகோல். பேட்டர்ன் மேக்கர்களிடம் தனி அளவுகோல் உண்டு. வார்ப்பு ஆறும்போது உலோகம் சுருங்கும் என்பதால் அதன் கோடுகள் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். வாழ்நாள் முழுவதும் அந்தக் கோலை வைத்துப் பெரிதாக்கியே வேலை செய்தவர், எனக்காக 1:87க்கு ஒரு கோல் செய்திருக்கிறார். பதினொன்றரை மி.மீ. ஒரு மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு நீண்ட கோடு, அதன் பக்கத்தில் எண் கொத்தியிருக்கிறது. நாற்பதாம் மீட்டரில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக எங்கள் இருவர் பெயரின் முதல் எழுத்துகள். இனி வகுத்துப் பார்க்க வேண்டாம், வைத்துப் பார்த்தால் போதும். நான் அணிந்த எந்த நகையையும்விட இது எனக்குப் பெரிது.

பல் தண்டவாளத்துக்கு வருகிறேன். நிஜப் பாதையில் இரண்டு பல் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடிப்பில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 44 மி.மீ. நம் அளவில் அது அரை மில்லிமீட்டர். அதைச் செய்யலாம், ஆனால் மாடல் எஞ்சினின் பல்சக்கரம் அதில் பிடிக்காது. எனவே ரயில் ஓடும் பாதைக்குக் கடையில் வாங்கிய பெரிய பல் தண்டவாளம். ஹில்குரோவ் பிளாட்பாரத்துக்கு எதிரே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும், ரயில் ஓடாத ஒரு தனித் துண்டில், அவர் பித்தளைத் தகட்டில் அளவு மாறாமல் இரட்டைப் பட்டையை அறுத்து வைத்தார். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பக்கத்தில் பார்க்க அவருக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பல்லை முடித்ததும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அடுத்து முக்கோண அரமா தட்டை அரமா என்று எனக்குத் தெரியும்.

சமதளம் முடிந்து பல் தொடங்கும் இடம்தான் இந்த வேலையிலேயே கடினமானது. பல்சக்கரத்தின் பல்லும் தண்டவாளத்தின் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் எஞ்சின் தூக்கிப் போடும். நிஜப் பாதையில் அந்த முதல் துண்டு ஸ்பிரிங்கின் மேல் இருக்கிறது. பல் முட்டினால் துண்டு அமிழ்ந்து கொடுத்து, அடுத்த பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும். எஞ்சினும் அங்கே ஊர்ந்துதான் நுழையும். நாங்களும் அதையே செய்தோம். முதல் நான்கு செ.மீ. துண்டைத் தனியாக வெட்டி, மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகட்டின் மேல் ஒட்டி, அதன் ஒரு முனையை மட்டும் பலகையில் திருகினோம். முதல் மூன்று பற்களைச் சரிவாக ராவி உயரத்தைக் குறைத்தோம். விரலால் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் இறங்கி எழும்ப வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் பிடிப்பு போய்விடும். தகட்டின் தடிமனை மாற்றி மாற்றிப் பார்த்ததில் 0.2 மி.மீ. சரியாக வந்தது. "இப்போது விடு" என்றார். எஞ்சின் நுழைந்தது, துண்டு மெல்ல அமிழ்ந்தது, டக்கென்று ஒரு சின்னச் சத்தம், ஏற ஆரம்பித்துவிட்டது. இருவரும் கைதட்டினோம்.

எஞ்சினின் மேல்பாகம் அவர் கைவேலை. எக்ஸ் எஞ்சினில் சிலிண்டர்கள் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி: கீழ் ஜோடி சாதாரணச் சக்கரங்களுக்கு, மேல் ஜோடி பல்சக்கரங்களுக்கு. மலை ஏறும்போது கீழ் ஜோடியில் வேலை செய்த நீராவியே மேலே போய் இன்னொரு முறை வேலை செய்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது எக்ஸ் எஞ்சின்கள் செய்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சொந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததுபோல் மகிழ்ந்தவர் அவர். அந்தச் சிலிண்டர்களை மட்டும் பிளாஸ்டிக்கில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. தேக்கில் கடைந்து, மெருகேற்றி, வண்ணம் பூசினார்.

வயரிங் என்னுடையது. 12 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டடிக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தில் கம்பி பற்றவைத்திருக்கிறேன். இறக்கத்தில் நிஜ ரயிலுக்கு ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்மேன் நின்று, கொடியைப் பார்த்து பிரேக் போடுகிறார். மாடலில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே திருகுப் பல்லிணை இருப்பதால் மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் அப்படியே நிற்கும், உருண்டு ஓடாது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதில்தான் கவனம் வேண்டும். முன்பெட்டி இலேசாக இருந்தால் வளைவில் தடம் புரளும். தூண்டில் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கி ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒட்டினோம்; முன்பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதன் பிறகு ஒருமுறைகூடத் தடம் புரளவில்லை.

மலைக்குத் தெர்மோகோல், மேலே பிளாஸ்டர் துணி. பாறைக்குக் கருவேலம்பட்டை மிகப் பொருத்தம். மண்ணுக்குக் காய்ந்த டீத்தூள், புதருக்குச் சாயம் ஏற்றிய பீர்க்கங்காய் நார். கல்லாறில் பாக்குத் தோப்பு இல்லாமல் முடியாது: ஈர்க்குச்சியில் தண்டு, பச்சைக் காகிதத்தில் மட்டை, 14 மீட்டர் மரம் 16 செ.மீ. வரும். மரங்களை மாலையில் டீ குடித்துக்கொண்டே இருவரும் சேர்ந்து செய்கிறோம். பேரப்பிள்ளைகள் வீடியோ அழைப்பில் வந்தால் அவர்களும் காகிதம் வெட்டுவார்கள்.

இன்னும் பாக்கி இருப்பவை: ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய், நிலையத்துக் குரங்குகள், பெட்டிகளின் வண்ணப்பட்டை. மூடுபனி வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. பஞ்சு வைத்தால் பல்சக்கரத்தில் சிக்கும் என்பது என் கட்சி. மூடுபனி இல்லாமல் ரன்னிமீடு எப்படி என்று அவர் கேட்கிறார். ஆம், அடுத்து ரன்னிமீடு நிலையம். அதற்கு ஜன்னலைக் கடக்க வேண்டும் என்பதால், கழற்றி மாட்டக்கூடிய பாலம் ஒன்று போடப் போகிறோம். பித்தளைக் கோலில் அளந்துவிட்டேன், 82 மீட்டர். ப்ளைவுட் வாங்கச் சனிக்கிழமை டவுனுக்குப் போகிறோம்.