மாலேயின் வெள்ளைச் சுவர்

மாலத்தீவுக்குப் போகிறவர்களில் பலர் விமான நிலையத்திலிருந்தே ரிசார்ட்டுக்குப் படகேறிவிடுவார்கள். தலைநகர் மாலேயில் கால் வைப்பதே இல்லை. நான் போனதே அங்கிருக்கும் பண்டாரகொஷியைப் பார்க்கத்தான். குடியரசுச் சதுக்கத்தை ஒட்டி, வெள்ளைச் சுவருக்குள் இருக்கிற ராணுவத் தலைமையகம் அது. கேமராவைத் தூக்கியதுமே காவலர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சரி, கண்ணால் பார்த்தால் போதும்.

1988 நவம்பர் 3 விடியற்காலையில் இந்த இடத்தைத்தான் தாக்கினார்கள். ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகர். துப்பாக்கியோடு இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்கள் புளொட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கத்தினர், சுமார் 80 பேர். தமிழ் பேசுகிற எனக்கு அந்தச் சுவரோரம் நிற்கக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

அப்போது அந்த நாட்டுக்கு இருந்தது தேசியப் பாதுகாப்புச் சேவை மட்டும். திருடனைப் பிடிப்பது, தீயை அணைப்பது, நாட்டைக் காப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான். ஊரின் முக்கிய இடங்கள் பலவும் கைவிட்டுப் போன பிறகும் தலைமையகத்தை அவர்கள் விடவில்லை. அதிபர் கயூமும் பிடிபடவில்லை. அன்றிரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய இந்திய பாராசூட் படை விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே தீவில் இறங்கி, படகில் மாலேக்கு வந்தது. அப்போது பாலம் ஏது? அது வந்தது 2018இல். பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கோதாவரி நடுக்கடலில் மடக்கியது.

நம் ஊரில் இந்தக் கதையை ஆபரேஷன் காக்டஸ் என்று இந்தியா காப்பாற்றிய கதையாக மட்டுமே சொல்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் பகல் முழுக்க அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடிக்காமல் போயிருந்தால், இரவில் வந்தவர்களுக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கும். மாலத்தீவில் நவம்பர் 3 வெற்றி நாள், அரசு விடுமுறை.

1892ஐத் தங்கள் தொடக்கமாகக் கொண்டாடும் இந்தப் படையிலிருந்து 2004இல் காவல்துறை தனியாகப் பிரிந்தது. 2006இல் மாலத்தீவு தேசியப் பாதுகாப்புப் படை என்று பெயர் மாறியது. நாட்டின் பரப்பில் பெரும்பகுதி கடல் என்பதால் கடலோரக் காவல்தான் இதன் முக்கிய வேலை. தீயணைப்பை மட்டும் விடவில்லை. டீக்கடைக்காரரிடம் உங்கள் ராணுவம் என்ன செய்யும் என்று கேட்டேன். “பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தால் அவர்கள்தான் வருவார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.