எக்ஸ் போட்ட பெட்டி

ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் போன்ற வேலைகளுக்கு ரயில்வே நடத்தும் என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதில் கணக்கு மட்டும் 30. தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். முதல் தடவை எழுதப் போனபோதே இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் விடைகளை ஒத்துப் பார்த்தால், வேகம், தூரம், நேரம் பகுதியில் வந்த மூன்று கேள்வியும் தப்பு. கேட் கீப்பர் மகள் ரயில் கணக்கில் முட்டை வாங்கியிருக்கிறாள் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

நான் படித்த பயிற்சி மையத்தில் இந்தப் பகுதிக்கென்று ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தார்கள். 27 சூத்திரங்கள். ரயில் கம்பத்தைத் தாண்டினால் ஒன்று, பிளாட்பாரத்தைத் தாண்டினால் ஒன்று, பாலத்துக்குத் தனியாக, சுரங்கப்பாதைக்குத் தனியாக. பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் கணக்கில் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். தேர்வு அறையில் எந்தச் சூத்திரம் எந்தக் கேள்விக்கு என்பது மட்டும் மறந்துபோனது.

அப்பா ஓய்வு பெறும்வரை உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு லெவல் கிராஸிங்கில் இருந்தார். இரண்டாம் தடவைக்குத் தயாராகும்போது ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்கைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஒரு ரயில் ஒரு பாலத்தை எத்தனை விநாடியில் கடக்கும்?’

“பாப்பா, வண்டி போயிடுச்சுன்னு நீ எப்ப சொல்லுவ?” என்றார்.

“பாலத்தைத் தாண்டினதும்.”

“எது தாண்டினதும்? எஞ்சினா?”

நான் பேசாமல் இருந்தேன். அவர் எழுந்து நின்றே விட்டார். வண்டி வரும்போது கொடியோடு நின்று கடைசிப் பெட்டிவரை பார்ப்பது அவர் வேலை. சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா, கடைசியில் பெரிய எக்ஸ் குறி போட்ட பெட்டி வந்ததா. ராத்திரியில் என்றால் அதன் சிவப்பு விளக்கு. அது வரவில்லை என்றால் வண்டி நடுவில் அறுந்து கொஞ்சம் பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். “எஞ்சின் போயிடுச்சே, கேட்டைத் தொறங்கன்னு எவனாவது கேப்பானா? எக்ஸ் போனாத்தான் வண்டி போச்சு.”

27 சூத்திரத்தில் பாதி அன்றைக்கே கழன்று விழுந்தது. எஞ்சின் மூக்கு பாலத்தின் இந்த முனையைத் தொடும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. எக்ஸ் பெட்டி அந்த முனையை விட்டு வெளியே வரும்போது நிற்கிறது. இடையில் எஞ்சின் மூக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும்? பாலத்தின் நீளம், கூடவே வண்டியின் நீளம். கம்பம் என்றால்? கம்பத்துக்கு நீளம் இல்லை, ஆகவே வண்டியின் நீளம் மட்டும். கொடியோடு நிற்கும் அப்பாவும் கணக்குக்கு ஒரு கம்பம்தான். (இதை அவரிடம் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை.)

நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பாம்பன் புதுப்பாலம் 2.08 கிலோமீட்டர், 2080 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 20 பெட்டி 480, எஞ்சின் 20, ஆக வண்டி 500 மீட்டர். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 2580 மீட்டரைக் கடக்க 258 விநாடி, அதாவது 4 நிமிடம் 18 விநாடி. வண்டியின் நீளத்தை விட்டுவிட்டால் 208 விநாடி வரும். கேள்வித்தாள் தயாரிப்பவர் அந்த 208-ஐ நான்கு விடைகளில் ஒன்றாகக் கட்டாயம் வைத்திருப்பார். நாம் போட்ட விடை கொடுத்திருப்பதில் இருந்தால் அது சரியான விடை என்று நினைப்பதுதான் இந்தப் பகுதியில் பெரிய குழி.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 5/18-ஆல் பெருக்கணும், எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பெருக்குவதையே விட்டுவிட்டேன். 18-க்கு 5, 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. கேள்விகளில் பெரும்பாலும் இந்த எண்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

எதிரெதிர் ரயில் கணக்கிலும் எக்ஸ் பெட்டிதான் கை கொடுத்தது. 180 மீட்டர் ரயில் 54 கி.மீ. வேகத்தில் போகிறது, 270 மீட்டர் ரயில் 108 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. விநாடிக்கு 15-ம் 30-ம் சேர்ந்து 45 மீட்டர். இரண்டு எஞ்சினும் சந்திப்பதிலிருந்து இரண்டு எக்ஸும் பிரிவதுவரை 450 மீட்டர், 10 விநாடி. ஒரே திசை என்றால் வித்தியாசம் 15 மீட்டர்தான், ஆகவே 30 விநாடி. இதுவரை சரி. ஆனால் ‘முதல் ரயிலின் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை எதிரே வரும் ரயில் எத்தனை விநாடியில் கடக்கும்?’ என்று கேட்டால்? மாதிரித் தேர்வில் இதற்கும் 10 என்று போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்ததுக்குப் போனேன். ஜன்னலில் இருப்பவர் ஒரு கம்பம். ஓடுகிற கம்பம், அவ்வளவுதான். அவர் முன்னால் ஓட வேண்டியது எதிர் வண்டியின் 270 மீட்டர் மட்டும். விடை 6.

சராசரி வேகத்தில் நான் விழுந்தது வேறு விதம். போகும்போது 10, வரும்போது 15, சராசரி 12.5 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். எங்கள் வீட்டிலிருந்து கேட் 6 கிலோமீட்டர். அப்பா சைக்கிளில்தான் போவார். எதிர்காற்றில் 10 கி.மீ. வேகம் என்றால் 36 நிமிடம் ஆகும். திரும்பும்போது காற்று தள்ளிவிட்டால் 15, ஆகவே 24 நிமிடம். மொத்தம் 12 கிலோமீட்டர், 60 நிமிடம். சராசரி 12-தான். மெதுவாகப் போகும்போது சாலையில் கூடுதல் நேரம் இருக்கிறோம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தூரம் கொடுக்காவிட்டால் இரண்டு வேகத்துக்கும் வகுபடுகிற ஒரு தூரத்தை நானே வைத்துக்கொள்வேன். 10-க்கும் 15-க்கும் 30. போக 3 மணி, வர 2 மணி. 60-ஐ 5-ஆல் வகுத்தால் அதே 12.

வெட்கமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1 மணி 20 நிமிடத்தை நான் 1.2 மணி என்று எழுதிக்கொண்டிருந்தேன். 60 கி.மீ. வேகத்தில் அது 72 கிலோமீட்டர் ஆகிவிடும். உண்மையில் 80. இப்போது நிமிடம் வந்தால் புள்ளி வைப்பதே இல்லை, 20/60 என்பதுபோலப் பின்னமாக எழுதிவிடுவேன்.

தாமதக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் 10 நிமிடம் தாமதம், 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகப் போய்விடலாம், தூரம் என்ன? வித்தியாசம் 5 நிமிடம் இல்லை, 15. தாமதத்திலிருந்து சரியான நேரத்துக்கு 10, அங்கிருந்து இன்னும் 5. வேகம் 4:5 என்றால் நேரம் 5:4. ஒரு பங்கு 15 நிமிடம், ஐந்து பங்கு 75 நிமிடம். 4 கி.மீ. வேகத்தில் 75 நிமிடம் நடந்தால் 5 கிலோமீட்டர். எக்ஸ், ஒய் எதுவும் வேண்டாம். 54 விநாடியில் 20 மிச்சம்.

இரண்டாம் தடவை தேர்வுக்கு விழுப்புரத்திலிருந்து ரயிலில் போனேன். பாதையோரத்து மின்கம்பங்களில் மேலே கிலோமீட்டர் எண், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண் எழுதியிருக்கும். மேல் எண் மாறுகிற கம்பத்தில் செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தி, மறுபடி மாறும்போது நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கான நேரம் கிடைத்துவிடும். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம். 36 விநாடி என்றால் 100 கி.மீ., 40 என்றால் 90. எனக்கு 41 வந்தது, கிட்டத்தட்ட 88. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்துவிட்டுப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தடவை இந்தப் பகுதியில் நான்கு கேள்வி. மூன்று சரி. ஒன்று படகுக் கணக்கு, நேரம் போதாமல் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நான் போட்ட ஒன்றைச் சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவே 340 கிலோமீட்டர். 9 மணிக்கு ஒரு ரயில் இங்கிருந்து 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது, 10 மணிக்கு அங்கிருந்து இன்னொன்று 80 கி.மீ. வேகத்தில் எதிரே கிளம்புகிறது. எப்போது சந்திக்கும்? “முதல்ல ஒரு மணி நேரம் அது மட்டும் ஓடட்டும்னு விட்டுட்டேன்பா. மிச்சம் 280. அப்புறம் மணிக்கு 140 குறையுது, ரெண்டு மணி நேரம். பன்னெண்டு மணிக்குச் சந்திக்கும்.”

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

“எதிர்ல ஒரு வண்டி வருது, பத்து மணிக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பாதை காலியான்னு கேட்டு லைன் கிளியர் வாங்காமலா வண்டியை விட்டாரு?”

“டபுள் லைன்பா.”

“அதைக் கேள்வியில போடணும்ல” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.