அக்கா பக்கத்துல இருந்தவங்க

நவம்பர் 19, செவ்வாய்

அக்கா நேத்து சாயந்தரம் போயிட்டா. இப்ப எழுதற நெலமைல நான் இல்ல, ஆனா நேத்து ராத்திரி அவளை மலை மேல கொண்டு வந்த வழி முழுக்க நடந்தது எல்லாம் இப்பவே எழுதி வெக்கலேன்னா அழுகையில எல்லாம் கரைஞ்சு போயிரும்னு பயமா இருக்கு.

கோவையில அரசு ஆஸ்பத்திரி. ரெண்டு கிட்னியும் போயி டயாலிசிஸ்லயே ஓட்டிட்டு இருந்தவ, இந்த தடவை மூச்சுத் திணறல்னு ஐசியூவுல சேத்தாங்க. உள்ள விட மாட்டாங்க, நேரம் நேரத்துக்கு ஒருத்தரைத்தான் விடுவாங்க, அதனால நான் வெளிய வராண்டாவுல உக்காந்திருந்தேன். ஆறு மணிக்கு மேல டாக்டர் வந்து சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து ஒரு ஆயாம்மா வந்து அக்காவோட மெட்டி, கண்ணாடி வளையல், மஞ்சக் கயிறு எல்லாத்தையும் ஒரு கர்ச்சீப்ல முடிச்சு என் கையில குடுத்து, "நான் கூடத்தான் இருந்தேன் கண்ணு"ன்னு சொன்னாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் ஏறல. தலைய ஆட்டினேன்னு நெனைக்கிறேன்.

155377க்கு யாரோ போன் போட்டுக் குடுத்தாங்க, இலவச அமரர் ஊர்தி. அந்த அண்ணன் வந்ததும் காசு பத்தியோ கணக்கு பத்தியோ ஒரு வார்த்தை பேசல. "எந்த ஊரும்மா, யாரும்மா உங்களுக்கு"ன்னு ரெண்டே கேள்வி. குன்னூர், அக்கான்னேன். அத்தான் பின்னாடி அக்கா பக்கத்துல, நான் முன்னாடி அவர் பக்கத்துல. மேட்டுப்பாளையத்துல நிறுத்தி டீ வாங்கிட்டு வந்தார், நான் வேணாம்னதும் வற்புறுத்தல, ஆனா கீழயும் ஊத்தல, டேஷ்போர்டு மேல மூடி வெச்சார். பர்லியார் கிட்ட வர்றப்ப எனக்கே எடுத்துக் குடிக்கத் தோணுச்சு. ஆறிப் போயிருந்துச்சு, இனிப்பு ஜாஸ்தி, ஆனா அதுதான் காலைல இருந்து வயித்துக்குள்ள போன முதல் விஷயம்.

கல்லார் தாண்டி யானை ரோட்டுல நிக்குதுன்னு வண்டியெல்லாம் வரிசையா நின்னுச்சு. எங்க வண்டி என்னன்னு பாத்ததும் முன்னாடி நின்ன காரெல்லாம் ஒண்ணொண்ணா ஓரங்கட்டி வழி விட்டாங்க, யாரும் ஹாரன் அடிக்கல, டூரிஸ்ட் வேன்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு அதையும் நிறுத்தினாங்க. அதுக்கு மேல 14 கொண்டை ஊசி வளைவு. அந்த அண்ணன் ஒவ்வொரு வளைவுலயும் அவ்ளோ மெதுவா, கிட்டத்தட்ட நின்னு நின்னு திருப்பினார். நான் ஏன்னு கேக்கல, அவரே சொன்னார். "உள்ள இருக்கறவங்களுக்கு ஆட்டம் தெரியக் கூடாதும்மா."

ஒரு வளைவுல மேல இருந்து கேரட் லோடு லாரி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கறது. ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும்ங்கறதுதான் மலை ரோட்டு வழக்கம், ஆனா ராத்திரி நேரம் லோடு வண்டிக்காரங்க எல்லாரும் அதைப் பாக்கறதில்ல. இந்த லாரிக்காரர் அவ்வளவு லோடோட பின்னாடி எடுத்து ஓரம் ஏத்தி, ஹெட்லைட்டை அணைச்சுட்டு, தலைல கட்டியிருந்த துண்டை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு நாங்க தாண்டிப் போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார். முகம் சரியாத் தெரியல. யாருன்னு தேடவும் முடியாது.

நவம்பர் 20, புதன்

நேத்து மத்தியானம் அடக்கம் பண்ணிட்டோம்.

காலைல இருந்து மழை விடவே இல்ல. வெட்டின குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு, நம்ம பசங்க வாளியில மொண்டு மொண்டு ஊத்தியும் ஆகல. எங்க எஸ்டேட் லைன் வீடுங்கள்ல கடைசி ரெண்டு வீட்டுல ஜார்கண்ட்ல இருந்து வந்த ஆளுங்க இருக்காங்க, தேயிலைக் கொழுந்து பறிக்க வந்தவங்க. வந்து சில மாசம்தான் ஆகுது. எங்க யாருக்கும் அவங்க பேரு கூட சரியாத் தெரியாது, தமிழ் அவங்களுக்கு வராது. அவங்கள்ல நாலு பேரு அவங்க வீட்டுக் கூரைக்குப் போட்டிருந்த நீல தார்ப்பாயை அவுத்துக்கிட்டு வந்துட்டாங்க. நாலு மூலையும் கையில புடிச்சு குழிக்கு மேல கொட்டற மழையில நின்னாங்க, அக்காவை எறக்கி எல்லாரும் மண்ணு போட்டு முடிக்கிற வரைக்கும். அவங்க வீட்டுக்குள்ள அந்த நேரம் ஒழுகியிருக்கும்.

நாங்க பொம்பளைங்க வீட்டுல இருந்தோம். அடக்கம் முடிஞ்சு வந்தா எல்லாரும் தலைக்குக் குளிக்கணும், நவம்பர் மாசக் குளிர், சாவு வீட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாது, வெந்நீருக்கு என்ன பண்றதுன்னு யாருமே யோசிக்கல. அந்த ஜார்கண்ட்காரங்க வீட்டுப் பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை, பெரிய அண்டாவுல தண்ணி காய வெச்சு, ஆம்பளைங்க திரும்பி வர்ற நேரம் பாத்து கொதிக்கக் கொதிக்க எடுத்துட்டு வந்தா. அப்புறம் இன்னொரு அண்டா. அப்புறம் இன்னொண்ணு. காஞ்ச வெறகு இந்த மழையில எவ்ளோ அருமைன்னு லைன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். அவ சேத்து வெச்சிருந்தது மொத்தமும் நேத்து எங்களுக்கு எரிஞ்சுது.

அத்தை இதைப் பாத்துட்டு ராத்திரி சொன்னாங்க. 1964ல இலங்கைத் தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பறதுக்கு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் போட்டதுக்கு அப்புறம் எங்க தாத்தா குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் எறங்கி, மண்டபம் கேம்ப்ல கெடந்து, நீலகிரிக்கு வந்து சேந்த கதை எங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒண்ணை அத்தை இப்பத்தான் சொன்னாங்க. இங்க வந்த புதுசுல பாட்டியோட கைக்குழந்தை, அத்தைக்கு அடுத்தது, குளிர் தாங்காம செத்துப் போச்சாம். சிலோன்காரங்கன்னு இங்க யாரும் கிட்ட வராத நேரம். பக்கத்து ஹட்டி, அதான் படுகர் ஊருல இருந்து ஒரு அம்மா வந்து அந்தக் கொழந்தைய சுத்தறதுக்கு தன்னோட வெள்ளைத் துணியைக் குடுத்துட்டுப் போனாங்களாம். அத்தைக்கு எழுபது வயசுக்கு மேல ஆகுது, இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லலன்னு கேட்டேன். "இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு"ன்னாங்க.

நவம்பர் 24, ஞாயிறு

சொந்தக்காரங்க வந்துட்டே இருக்காங்க. எல்லாருக்கும் முதல்ல இருந்து சொல்லணும். எப்ப சேத்தீங்க, எந்த டாக்டர், ஏன் முன்னாடியே பாக்கல, கடைசியா என்ன பேசினா. இந்தக் கடைசிக் கேள்வி வர்றப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைச்சுக்குது. அவங்க பாசத்துலதான் கேக்கறாங்க, எனக்குத் தெரியும். ஆனா பதில் என்கிட்ட இல்ல.

திருப்பூர்ல இருந்து பெரியப்பா மகன் குடும்பத்தோட கார்ல வந்தான். இப்ப ஊட்டி, கொடைக்கானல் வர்றதுக்கு இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவு. துக்க வீட்டுக்குப் பொறப்படற அவசரத்துல இவன் அதைப் போடல. கல்லார் செக்போஸ்ட்ல இருந்த பையன் காரணம் கேட்டுட்டு, இவன் கை நடுங்கறதைப் பாத்து போனை வாங்கி, அவனே எல்லாம் டைப் பண்ணி பாஸ் எடுத்துக் குடுத்து, "பாத்து மெதுவா போங்கண்ணா, மேல மூடுபனி"ன்னு அனுப்பினானாம். பின்னாடி எவ்ளோ வண்டி நின்னுச்சோ.

நவம்பர் 27, புதன்

பாப்பாவுக்கு காலேஜ்ல லீவு லெட்டர் குடுக்கணும்னு கோத்தகிரி போனேன். பாப்பான்னா அக்கா மக, செகண்ட் இயர். வீட்டுல அவ முன்னாடி அழக் கூடாதுன்னு அடக்கி அடக்கி வெச்சிருந்தது பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்ததும் வந்துருச்சு. சத்தம் வராம அழுதேன்னுதான் நெனச்சேன். பக்கத்துல ஒரு படுகர் பாட்டி, வெள்ளை முண்டு, தலையில வெள்ளைத் துணி. அவங்க என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல, முன்னாடி பாத்துக்கிட்டே மடியில இருந்த பையில இருந்து ஒரு வர்க்கிய எடுத்து என் கையில வெச்சாங்க. நான் அதைப் புடிச்சுக்கிட்டே அழுதுட்டு வந்தேன். எறங்கற எடம் வந்ததும் எந்திரிச்சு, அவங்க பெரியவங்க சின்னவங்களுக்கு ஆசீர்வாதம் பண்றப்ப செய்யற மாதிரி என் தலைமேல கைய வெச்சு அவங்க பாஷையில நீளமா என்னமோ சொன்னாங்க. கண்டக்டர் விசில் அடிக்காம காத்துக்கிட்டு நின்னார். பஸ்ல அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. முடிச்சுட்டு எறங்கிப் போயிட்டாங்க.

என்ன ஆச்சுன்னு அவங்க கேக்கவே இல்ல. அதுதான் எனக்கு அவ்ளோ பெருசா இருந்துச்சு, ஒண்ணும் சொல்லாமலே என்னைத் தொட ஒருத்தங்க இருந்தாங்க.

டிசம்பர் 3, செவ்வாய்

கருமாதி முடிஞ்சுது. அக்காவோட கொழுந்துக் கூடை, இடுப்புல கட்டிக்கற படங்கு, கத்திரி எல்லாம் அத்தான் எடுத்து மேல வெச்சார். வேற எழுத முடியல.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்னிக்கு குன்னூர் பக்கத்துல இருக்கற காட்டேரிங்கற ஊரு வழியா பஸ்ல போனேன். போறப்பதான் தேதி ஞாபகம் வந்துச்சு. 2021ல இதே டிசம்பர் 8, சூலூர்ல இருந்து வெலிங்டன் வந்த ஹெலிகாப்டர் இங்க பக்கத்துல நஞ்சப்பசத்திரத்துல விழுந்த நாள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் சேத்து 14 பேரு இருந்தாங்க, 13 பேரு அன்னிக்கே போயிட்டாங்க, குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிட்டு பெங்களூர்ல இறந்தார். அந்த ஊர்க்காரங்க வாளியில, குடத்துல தண்ணியத் தூக்கிட்டு எரியற எடத்துக்கு ஓடினாங்க. அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர ஸ்ட்ரெச்சர் இல்லாம வீட்டுல இருந்த போர்வையக் குடுத்தாங்க. எல்லாம் அன்னாடம் வேலைக்குப் போயி சாப்பிடறவங்க, மலைல டிசம்பர்ல ஒரு வீட்டுல எத்தனை போர்வை இருக்கும். அப்புறம் ராணுவம் நன்றி சொல்லி அந்த ஊரை ஒரு வருஷம் தத்தெடுத்துக்கறோம்னு அறிவிச்சுது. மறுநாள் வெலிங்டன்ல இருந்து அந்த உடம்புங்க எல்லாம் இதே மேட்டுப்பாளையம் ரோட்டுலதான் சூலூருக்குப் போச்சு, ரோட்டோரம் ஜனங்க நின்னு பூவத் தூவினாங்க.

அப்ப நான் டிவியில பாத்தப்ப எனக்கு அந்தப் பெரிய மனுஷங்களைப் பத்தித்தான் நெனப்பு. இன்னிக்கு பஸ்ல உக்காந்து வேற நெனச்சேன். டெல்லியிலயோ எங்கயோ இருந்த அவங்க பிள்ளைங்க, பொண்டாட்டிங்க, அம்மாக்கள் யாரும் பக்கத்துல இல்ல. கடைசியா பக்கத்துல இருந்தது பேரு தெரியாத இந்த ஊர்க்காரங்க. அந்த வீட்டுங்கள்ல எல்லாம் இன்னிக்கும் யாராவது நெனச்சுப் பாப்பாங்க இல்லையா, ஒரு கை இருந்துச்சு, ஒரு போர்வை இருந்துச்சுன்னு.

அப்பத்தான் அந்த ஆயாம்மா சொன்னது என் காதுல மறுபடியும் கேட்டுச்சு. நான் கூடத்தான் இருந்தேன் கண்ணு. எல்லாரும் என்கிட்ட கேட்ட கேள்விக்கு பதில் அவங்ககிட்ட இருக்கு. வீட்டுக்கு வந்து அந்தக் கர்ச்சீப் முடிச்சை எடுத்துப் பாத்தேன். நம்ம வீட்டுது இல்ல. ஓரத்துல ரோஸ் கலர் நூல்ல பூ போட்டிருக்கு, அவங்களோடது.

டிசம்பர் 13, வெள்ளி

அக்காவோட பி.எஃப். க்ளெய்முக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கணும்னு அத்தானும் நானும் கோவை போனோம். பேப்பர் வேலை அவர் பாத்தார், நான் ஐசியூ பக்கம் போயி நின்னேன். கர்ச்சீப்பைத் துவைச்சு மடிச்சு, ஃபேக்டரித் தூள் ஒரு கிலோவும் எடுத்துட்டுப் போயிருந்தேன். பேரு தெரியாம எப்படிக் கேக்கறது. வாட்ச்மேன் கிட்ட கர்ச்சீப்பைக் காட்டினேன், அவர் உடனே "ஓ, அவங்களா, ரெண்டு மணி ஷிப்ட்டு, இருங்க"ன்னார்.

வந்தாங்க. என்னைப் பாத்ததும் "குன்னூர்"ன்னாங்க. எத்தனை பேரைப் பாக்கறாங்க ஒரு நாளைக்கு, ஊரு ஞாபகம் இருக்கு.

படிக்கட்டுல உக்காந்து கேட்டேன். எல்லாத்தையும் சொன்னாங்க, நான் கேக்கக் கேக்க ஒண்ணையும் அவசரப்படுத்தாம. அக்காவுக்கு நாக்கு வறண்டு போச்சாம், கிட்னிக்காரங்களுக்கு தண்ணி அளவாத்தான் குடுக்கணும், அதனால பஞ்சை நனைச்சு நனைச்சு உதட்டுல ஒத்தி விட்டாங்களாம். கால் ஜில்லுன்னு ஆச்சாம், தேச்சு விட்டாங்களாம். அக்கா மணி என்ன மணி என்னன்னு கேட்டுட்டே இருந்தாளாம். "கடைசி பஸ் போயிருச்சா, என் தங்கச்சி இருட்டுல நிப்பா"ன்னாளாம். ஆயாம்மா சொன்னாங்களாம், "உன் தங்கச்சி எங்கயும் போகல, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கா, இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்." அதுக்கப்புறம் அக்கா மணி கேக்கலையாம். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டாளாம். கண்ணை மூடி விட்டு, தாடையக் கட்டி, சேலைய சரி பண்ணிட்டுத்தான் சிஸ்டரைக் கூப்பிட்டாங்களாம்.

நான் அங்கயே அழுதேன், அவங்களும் அழுதாங்க. டியூட்டிக்குப் போற ஆளுங்க எங்களைச் சுத்தி ஏறி எறங்கிட்டு இருந்தாங்க.

பாப்பாவுக்கு போன் போட்டு அவங்ககிட்ட குடுத்தேன். அவ என்ன கேட்டான்னு தெரியல, ரொம்ப நேரம் பேசினாங்க, "சாப்பிட்டியா, காலேஜுக்குப் போனியா, போ சாமி போ"ன்னு இவங்க சொன்னது மட்டும் கேட்டுச்சு. கர்ச்சீப்பைத் திருப்பி வாங்கிக்கல, நீயே வெச்சுக்கன்னுட்டாங்க. டீத்தூளை வாங்கிக்கிட்டாங்க, மோந்து பாத்தாங்க. அவங்களுக்குப் பிள்ளைங்க இல்ல, வீட்டுக்காரர் இல்ல, மேட்டுப்பாளையத்துக்கு மேல வந்ததே இல்லையாம், மலை ரயிலை வெளிய இருந்து பாத்ததோட சரியாம்.

ஒரு நாள் வாங்கன்னேன். லீவு பொங்கலுக்குத்தான் கிடைக்கும்னாங்க. இந்த வருஷம் எங்க வீட்டுல பொங்கல் இல்ல, பொங்கல் வெக்க மாட்டோம்னு சொன்னேன். "பொங்கல் திங்கவா வர்றேன், பாப்பாவைப் பாக்க வர்றேன்"ன்னாங்க. சூபர்வைசர்கிட்ட லீவு சொல்லணுமாம், சொல்லிட்டு போன் பண்றேன்னு என் நம்பரை வாங்கிக்கிட்டாங்க.