ஒரே அணை, இரண்டு தெருக்கள்

நாகர்கோவிலுக்குக் காலங்காலமாகக் குடிநீர் தருவது முக்கடல் அணை. ஊர் 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் புறநகரில் பத்து சென்டில் வீடு கட்டியவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள் பெரிதாகத் தெரிவதில்லை. தரைக்கடியில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, போதாததற்கு ஆழ்துளைக் கிணறு.

ஊருக்குள் ஒன்றரை சென்டில் நெருங்கிக் கிடக்கும் வீடுகளில் சேமித்து வைக்கவே இடமில்லை. அழுத்தம் குறைவு என்பதால் வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருக்கிறார்கள். பெண்கள் அதற்குள் இறங்கிக் குடத்தை நிரப்பி மேலே தூக்கிக் கொடுக்கிறார்கள். குழிக்கு ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பார்க்கும்போது வயிறு எரிகிறது. தண்ணீர் வரும் நாளில் வேலைக்கும் போக முடியாது, அன்றைய கூலி போயிற்று.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. குழியில் நிற்பவர்களும் படித்தவர்கள்தாம், மனு எழுதத் தெரிந்தவர்கள்.

குடிநீர்க் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் தயவுசெய்து இன்றே அதைக் கழற்றுங்கள். நெருக்கமான தெருக்களுக்குப் பொதுத் தொட்டி கேட்டு நாமும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம்.