ஐப்பசியில் வீட்டுக்குள் வந்த மிளகாய்ச் செடி

முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு மிளகாய்ச் செடி வளர்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதையைத் தூவுவோம். தை பிறந்தால் பழம் சிவக்கும். மாசி, பங்குனியில் களமெல்லாம் வத்தல் காயும், தெருவில் நடந்தாலே தும்மல் வரும். எங்கள் ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு, அதாவது குண்டு வத்தலுக்கு, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் டொராண்டோவுக்கு வந்து ஐந்து மாதம். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு, வெளியே பனி.

அந்த உற்சாகத்தில் தமிழ்க் கடைக்குப் போய்க் குண்டு வத்தல் வாங்கி வந்து, உடைத்து, விதையை ஜன்னலோரத் தொட்டியில் போட்டேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் வரவில்லை. ஊரில் மண்ணின் சூட்டைப் பற்றி யார் யோசித்தார்கள்? மிளகாய் விதைக்கு மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சுறுசுறுப்பு வரும், என் ஜன்னலோரமோ கை வைத்தால் ஜில்லென்றிருந்தது. புது விதை போட்டு, தொட்டியை ஹீட்டர் ஓடும் அறையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. ஆனால் அங்கே வெளிச்சம் கிடையாது. நாற்றெல்லாம் நூல் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து சாய, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகிப் பாதி போயிற்று. எல்இடி விளக்கு ஒன்று வாங்கி, நாற்றுக்கு நாலு விரற்கடை மேலே தொங்கவிட்ட பிறகுதான் மிச்சம் பிழைத்தது.

மே மாத நடுவில் ஒருநாள் நல்ல வெயில். பன்னிரண்டு நாற்றையும் வெளியே தூக்கி வைத்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார்.

"தம்பி, கண்டுகளை இப்ப வெளியில வைக்காதேங்கோ. விக்டோரியா டே முடியட்டும்."

நாற்றைத்தான் அவர் 'கண்டு' என்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. விக்டோரியா டே என்பது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. இங்கே தோட்டக்காரர்களுக்கு அதுதான் ஆடிப்பட்டம். வெயில் அடிக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் இரவு உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் எல்லாம் வேகவைத்த கீரை.

ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தயிர் டப்பாவில் நட்ட நாலு கண்டுகளை வேலி மேல் வைத்துவிட்டுப் போனார். இம்முறை சொன்னபடி கேட்டேன். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில். பத்து நாள் இப்படிப் பழக்காமல் வைத்தால் இலை வெளிறிப் பொசுங்கிவிடும்.

ஜூனில் பூ வந்தது, வந்த வேகத்தில் கொட்டியது. பகலில் சூடாக இருந்தாலும் இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ நிற்காது. அது தெரியாமல், சத்துப் போதவில்லை என்று புல்தரைக்குப் போடும் உரத்தை அள்ளிப் போட்டேன். அது முழுக்கத் தழைச்சத்து. ஒரு மாதம் செடி இலையாகவே பெருத்து, பூக்க மறந்து நின்றது. மனைவி வைத்த குடமிளகாயில் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியது. முட்டை ஓடு போடு என்றார்கள். ஓடு மட்க எத்தனை மாதம் ஆகுமோ! ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டியதுதான் காரணம். வேர் சீராகத் தண்ணீர் இழுத்தால்தான் மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரும். மேலே வைக்கோல் பரப்பி ஒழுங்காக ஊற்றியதும் அடுத்த காய்கள் சுத்தமாக வந்தன. அணில் தொட்டியைத் தோண்டுவதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. இங்கத்து அணில் முதுகில் கோடும் இல்லை, பயமும் இல்லை.

ஆகஸ்டில் நன்றாகவே காய்த்தது. அக்டோபர், அதாவது ஐப்பசி. ஊரில் விதை தூவும் மாதத்தில் இங்கே செடி சாகும். ஒன்றை மட்டும் பாதிக்கு வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மிளகாய் ஓராண்டுப் பயிர் என்றே நினைத்திருந்தவன் நான். குளிர் படாவிட்டால் சில வருடம் இருக்குமாம். கூடவே அசுவினிப் பூச்சியும் வந்துவிட்டது. இலைக்கு அடியில் பச்சைப் புள்ளியாக ஒட்டியிருக்கும், மேலே பிசுபிசுப்பு. சோப்புத் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்துக் கழுவி, நாலு நாள் விட்டு மறுபடி தெளித்து, மூன்று வாரம் போராடினேன்.

ஜனவரியில் பூத்தது. உள்ளே காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. பூவை விரலால் லேசாகச் சுண்டினால் போதும், தன் மகரந்தத்திலேயே பிடித்துக்கொள்ளும். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா முகத்துக்குப் பின்னால் எங்கள் காடு, பாதி சிவந்திருந்தது.

"அங்கயும் தையிலதான் காய்க்குதாடா? எத்தனை மூட்டை தேறும்?"

"ஏழு காய்ம்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் எனக்கு வானம் மட்டும் தெரிந்தது.