கூட்டாளி முகத்தோடு வந்த ராட்சசன்

பத்தாம் வகுப்பில் தமிழ் மாஸ்டர் சூர்ப்பணகை வரும் கம்பன் பாட்டைச் சொல்லும்போது நாங்கள் மேசையில் விரலால் தாளம் போடுவோம். அரக்கி அழகியாக உருமாறி நடந்து வருகிற அந்தச் சந்தம் அப்படி. "நடையைப் பார்த்து ஏமாறாதேங்கோ பிள்ளையள்" என்பார் மாஸ்டர்.

1985இல் ரொறன்ரோ வந்தேன். பள்ளி நூலகத்து மூலையில் நாலு பெடியள் மதிய இடைவேளையில் தாளும் பென்சிலுமாக டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாடுவார்கள். ஒருவன் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வீரர்களாகவும் பூசகர்களாகவும் வரும் ஆட்டம். அடி படுமா படாதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். இருபது முகத் தாயக்கட்டையில் எண்கள் வெறும் பள்ளமாக இருக்கும். பெட்டியோடு வரும் மெழுகுக் கலரைத் தேய்த்து அதை நிரப்ப வேண்டும். ஆங்கிலம் ஓடாத எனக்கு முதலில் கிடைத்த வேலை அதுதான்.

அப்புறம், அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 'மான்ஸ்டர் மனுவல்' கைக்கு வந்தது. ஆட்டத்தில் எதிர்ப்படும் பிராணிகளின் பட்டியல் அது. 1977இல் வெளிவந்த புத்தகம். தொட்ட இரும்பையெல்லாம் துருவாக்கும் பிராணி ஒன்று அதில் உண்டு. மலிவான பிளாஸ்ரிக் பொம்மை ஒன்றைப் பார்த்துப் பிறந்தது. கவசம் போட்ட வீரனைக் கதிகலங்க வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்! இன்னும் புரட்டினால், புலித்தலையோடு புகைக்குழாய் பிடித்தபடி ராட்சசன். முதலில் அறியப்பட்டது இந்தியாவில் என்று போட்டிருந்தது. எதிரில் வருபவரின் மனதைப் படித்து, அவர் நம்பும் உருவத்திலேயே வருமாம். எட்டாம் நிலைக்குக் கீழான மந்திரம் எதுவும் பலிக்காது. ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் மட்டும் உடனே சாவு. அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

ஒரு பனிநாள். ஆட்டத்தில் இரண்டு கிழமைக்கு முன் தொலைந்துபோன கூட்டாளி, சுரங்க வழியில் விளக்கோடு வருகிறான் என்றான் ஆட்டத்தை நடத்தியவன். எல்லோரும் அவனிடம் ஓடப் பார்த்தார்கள். எனக்கு மாஸ்டரின் குரல் கேட்டது. "நில்லுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார். குறுக்குவில்காரனிடம், அம்பைப் பூசகரிடம் கொடு என்று கையால் காட்டினேன். கட்டை உருண்டு 19இல் நின்றது. அம்பு பட்டது.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று நடத்தியவன் கேட்டான். மிச்ச இடைவேளை முழுக்க, தெரிந்த ஆங்கிலத்தில் சூர்ப்பணகையையும் மாரீசனையும் சொன்னேன். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த கிழமை அவனுடைய சுரங்கத்து வாசலில் ஒரு பொன்மான் நின்றது.