பனி விழுந்தால் சமாளிக்கலாம், குளிர் இறங்கினால்?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் ‘பள்ளி மாவட்டம்’ என்றால் நம் ஊர் மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. சின்ன மாவட்டம் என்றால் இரண்டு மூன்று கட்டடங்கள், பத்துப் பன்னிரண்டு மஞ்சள் பேருந்துகள், மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு போர்டு, அதற்குக் கீழே நிர்வாகத் தலைவராக ஒரு சூப்பரின்டெண்டென்ட். அவ்வளவுதான். கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்கிறவரே பனி தள்ளவும் போவார். ஓட்டுநர் வராத நாளில் உரிமம் இருந்தால் பேருந்தையும் எடுப்பார். அவர் காய்ச்சலில் படுத்தால் மூன்று வேலையும் படுத்துவிடும்.

குளிர்காலத்தில் வெளியே தெரிவது விடுமுறை அறிவிப்பு மட்டும்தான். அந்த முடிவு விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும். சாலைகளை யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும், பனி தள்ளும் வண்டிக்காரர்களிடம் கேட்க வேண்டும், பக்கத்து மாவட்டங்களோடு பேச வேண்டும். 5.30-க்குள் முடிவு சொன்னால்தான் ஓட்டுநர்கள் கிளம்புவதற்கு முன் செய்தி போய்ச் சேரும். இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பது பனி விழுந்த நாளுக்கு நல்ல வழி: வெளிச்சம் வந்துவிடும், சாலையும் ஓரளவு சுத்தமாகிவிடும். கடுங்குளிருக்கு அது பெரிதாக உதவாது. இரண்டு மணி நேரத்தில் ஏறுவது சில டிகிரிதான். ‘தாமதம்’ என்று அறிவித்துவிட்டு 7.30-க்கு ‘விடுமுறை’ என்று மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெற்றோர் அதற்குள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

குளிருக்கு விடுமுறை விடும்போது வகுப்பறையை யாரும் நினைப்பதில்லை. மண்சாலை ஓரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளையைத்தான் நினைப்பார்கள். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் -18 செல்சியஸ்) மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் உடலுக்கு அது -19 ஃபாரன்ஹீட் போல உறைக்கும். மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகத் தொடங்கலாம். பேருந்து பத்து நிமிடம் தாமதம் என்றால் பரவாயில்லை. பேருந்தே கிளம்பவில்லை என்றால்? 2014 ஜனவரி 6 அன்று மினசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடியது பனிக்காக அல்ல, குளிருக்காக.

பேருந்து ஏன் கிளம்பாது என்பதற்கு விடை பெரும்பாலும் அக்டோபரில் இருக்கும். சாதாரண 2ஆம் எண் டீசலில் உள்ள மெழுகு 14 ஃபாரன்ஹீட் வாக்கில் திரளத் தொடங்கி ஃபில்டரை அடைக்கும். குளிர்காலத்தில் மெழுகு குறைந்த 1ஆம் எண் டீசல் கலப்பது அதனால்தான். விலை கூடுதல், மைலேஜும் குறையும், வேறு வழியில்லை. செப்டம்பரில் நிரப்பிய டேங்கில் பாதி மிச்சமிருக்க நவம்பரில் திடீரென்று குளிர் வந்தால் மாட்டிக்கொள்வோம். அக்டோபரிலேயே சேமிப்பு டேங்கைக் குறைத்து வைத்து, அடுத்த லோடைக் கலப்பு டீசலாக வாங்க வேண்டும். மெழுகைத் தடுக்கும் மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். கலங்கிய பிறகு ஊற்றிப் பயனில்லை. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல் 12 ஃபாரன்ஹீட்டில் உறையும். வண்டிக்குள் அதற்கு ஹீட்டர் உண்டு, டிரம்முக்குக் கிடையாது. டிரம்மை உள்ளே வையுங்கள்.

அடுத்தது பிளாக் ஹீட்டர், அதாவது நிற்கும் பேருந்தின் எஞ்சினைச் சூடாக வைக்க மின்சாரத்தில் செருகும் ஹீட்டர். 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 20 ஆம்பியர் சர்க்யூட்டில் இரண்டு பேருந்தைச் செருகினால் பிரேக்கர் விழும். விழுந்தது காலையில்தான் தெரியும், ஒரு வரிசையே கிளம்பாது. ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு பேருந்து. டைமரை விடியற்காலை 2, 3 மணிக்கு வைத்தால் போதும். ஏர் பிரேக் டேங்கில் சேரும் ஈரத்தைத் தினமும் வடிக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் கார்ட்ரிட்ஜைக் குளிருக்கு முன்பே மாற்ற வேண்டும். வால்வில் ஐஸ் பிடித்தால் பிரேக் பிடித்தபடியே நிற்கும், விடாது.

கட்டடங்களில் ஒரு கண்ணி உண்டு. பல மாவட்டங்கள் மலிவு என்று, கேஸ் நிறுவனம் கேட்டால் பயன்பாட்டை நிறுத்திக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இயற்கை எரிவாயு வாங்கும். கடுங்குளிர் வந்த அன்றே கேஸ் நிறுவனம் அழைக்கும்: ‘எண்ணெய்க்கு மாறுங்கள்.’ மாறாவிட்டால் அபராதம் கனமாக இருக்கும். எண்ணெய் பர்னரை நவம்பரில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்காதவர்கள் அந்த அழைப்பு வந்த இரவில்தான் டேங்கின் அடியில் தண்ணீரும் சேறும் இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் மிகப் பெரிய நஷ்டம் வருவது கிறிஸ்துமஸ் விடுமுறையில், பிள்ளைகள் யாருமே இல்லாதபோது. சிக்கனம் என்று வெப்பத்தை 55 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். தெர்மோஸ்டாட் நடு வகுப்பறையில் 55 காட்டும். வெளிச்சுவர் ஓரத்துக் குழாய் உறைந்துகொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கீழே உள்ள வெப்பக் காற்றுப் பெட்டியில் வெளிக்காற்றுக் கதவு முழுதாக மூடாமல் நின்றால் உள்ளே இருக்கும் வெந்நீர்ச் சுருள் உறைந்து சில மணி நேரத்தில் வெடிக்கும். சமையலறைப் புகைபோக்கி விசிறியை அணைக்க மறந்தால், அது கட்டடத்தின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் குளிர்காற்றை உள்ளே இழுக்கும். குழாய் பெரும்பாலும் ஐஸ் கட்டிய இடத்திலேயே பிளக்காது. ஐஸுக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி வேறிடத்தில் பிளக்கும். அதனால்தான் ஓரக் குழாயின் திருகைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடுவது வேலை செய்கிறது. தீயணைப்புத் தெளிப்பான் குழாய் ஓடும் இடம் எதுவும் 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக் கூடாது.

வெளியே 0 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வெப்பத்தை இறக்கவே வேண்டாம், வெந்நீரைச் சுற்றவைக்கும் பம்பு இரவு முழுக்க ஓடட்டும். கை கழுவும் தொட்டிகளுக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். நாளுக்கு இருமுறை ஒருவர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பண்டிகை நாளிலும்தான். குறைவெப்ப அலாரம் மூன்று பேர் தொலைபேசிக்காவது போகட்டும். முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே என்று இரவுக் காவலாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் கூடுதல் ஊதியம் கொடுக்க போர்டு முகம் சுளிக்கும். ஜிம் தரை ஒருமுறை ஊறி எழும்பினால் அந்தக் கணக்கு புரியும்.

நடைபாதை ஐஸைக் கரைக்கத் தூவும் கல்லுப்பு சுமார் 15 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே மந்தமாகிவிடும். கால்சியம் குளோரைடு வாங்குங்கள், அல்லது மணல் தூவுங்கள்.

கூரையில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, எடையை. புதுப்பனி ஓரடி வரை இருந்தாலும் சதுர அடிக்குச் சுமார் 5 பவுண்டுதான். ஒரே ஒரு அங்குல ஐஸுக்கும் அதே எடை. உயரமான சுவரை ஒட்டிக் காற்று குவித்த இடத்தை முதலில் பாருங்கள். உள்ளே கதவுகள் திடீரென்று இறுகினால் கூரை தாழ்கிறது என்று பொருள்; பிள்ளைகளை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றது.

இத்தனை விடுமுறைக்குப் பிறகு, பிப்ரவரியில் வகுப்பு நடந்த மணிக்கணக்கு பார்க்கும் வேலை வரும். மினசோட்டாவில் 1 முதல் 6ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 935 மணி நேரம், 7 முதல் 12 வரை 1,020 மணி நேரம் குறைந்தபட்சம் நடந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 நாள் வரை வீட்டிலிருந்தே இணையவழி வகுப்பாகக் கணக்கிடலாம்; அதற்கான திட்டம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். மார்ச் பனிப்புயலுக்கு இரண்டு நாளாவது மிச்சம் வையுங்கள். அது வராமல் இருப்பதில்லை.